நுண்ணலை அடுப்புப் பாதுகாப்பு

நுண்ணலை அடுப்புப் பாதுகாப்பு என்பது, மைக்ரோவேவ் அடுப்பு என வழங்கப்படும் நுண்ணலை அடுப்பை வீட்டில் நிறுவும்போதும் பயன்படுத்தும்போதும் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் குறிக்கும். இவ்வடுப்பைப் பற்றிப் பலரும் அஞ்சுவது அதன் கதிர்வீச்சையே ஆகும். ஆயினும், இதனால் நேரும் காயங்களுள் பெரும்பாலானவை சூடான பாத்திரம், உணவு, பொங்கித் தெறிக்கும் நீர்மம் ஆகியவற்றால் ஏற்படும் தீப்புண்களே.

செயற்படும் விதம்

நுண்ணலைகள் உணவைச் சூடாக்குவதை அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945 இல் கவனித்தார். அடுப்பிலுள்ள மேக்னெட்ரான் என்னும் குழல் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய அலைகளை உண்டாக்குகிறது. இவற்றை உணவிலுள்ள நீர் மூலக்கூறுகள் உறிஞ்சுவதால் உணவு சூடாகிறது. இவை அயனியாக்காத கதிர்கள். எனவே உணவு கதிரியக்கம் பெறுவதில்லை.

இவ்வலைகளின் நீளம் சுமார் 12 செ.மீ. ஆகும். கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் இதைவிட மிகச் சிறியவை என்பதால் அலைகள் வெளியேறுவது தடுக்கப்படுகிறது. கதவைத் திறந்தவுடன் அலை உற்பத்தி நின்றுவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 1971 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, அடுப்பின் ஆயுட்காலம் முழுவதும் 5 செ.மீ. தொலைவில் கசிவு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. கதவு வளைந்தோ கீல் தளர்ந்தோ இருந்தால் அடுப்பைப் பயன்படுத்தலாகாது.

நிறுவுதல்

* அடுப்பைச் சமதளமான, உறுதியான மேடையில் வைத்தல் வேண்டும். காற்றுத் துளைகளை மூடாமல், கையேட்டில் கூறப்பட்டுள்ள இடைவெளியை விடுதல் வேண்டும்.
* 800 வாட்டு வெளியீடு கொண்ட அடுப்பு ஏறத்தாழ 1200 வாட்டு மின்சாரத்தை எடுக்கிறது. 230 வோல்ட்டில் இது 5 ஆம்பியருக்கு மேற்பட்டது. எனவே இந்தியாவில் 6 ஆம்பியர் இணைப்பை விட 16 ஆம்பியர் மூன்றுமுனை இணைப்பே ஏற்றது.
* எர்த் எனப்படும் நில இணைப்பு கட்டாயம் இருத்தல் வேண்டும். உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் பயன்படுத்துவோரைக் காப்பது இதுவே.

பயன்படுத்துதல்

* வழவழப்பான குவளையில் அதிகநேரம் சூடாக்கிய நீர், கொதிநிலையைக் கடந்தும் குமிழி இன்றி அமைதியாக இருக்கக்கூடும். அதை அசைத்தாலோ தேயிலைப் பையை இட்டாலோ திடீரெனப் பொங்கித் தெறிக்கும். இது மீவெப்பமடைதல் எனப்படும். குறைந்த நேரம் சூடாக்கி, சற்றுப் பொறுத்து எடுப்பது நன்று.
* ஓட்டுடன் கூடிய முட்டையும் இறுக மூடிய கலமும் நீராவி அழுத்தத்தால் வெடிக்கலாம்.
* உலோகத் தாள், சரிகைக் கரையிட்ட பாத்திரம் ஆகியவை தீப்பொறி எழுப்பும். மெலமைன் தட்டுகளும் ஏற்றவையல்ல.
* அலைகள் உணவில் சீராகப் பரவுவதில்லை. மீந்த உணவை இடையிடையே கிளறி, எல்லாப் பகுதியும் 74° செ. வெப்பத்தை எட்டுமாறு சூடாக்க வேண்டும். குழந்தைக்கான பாற்புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருப்பினும் உள்ளே பால் சுடலாம் என்பதால், பாலை இதில் சூடாக்காதிருத்தலே நலம்.
* அடுப்பை வெறுமையாக இயக்கினால் மேக்னெட்ரான் பழுதடையலாம்.

தீயும் பழுதும்

உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் அடுப்பை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திறந்தால் புகும் காற்று தீயை வளர்க்கும். அடுப்பினுள் உள்ள மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயிரைப் பறிக்கக்கூடிய உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். ஆகவே வெளிக்கூட்டைக் கழற்றும் பணியைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும்.