கல் சொல்லாத சாவு

வரலாற்றைப் பற்றிப் பேசவேண்டிய இந்த உரையை ஒரு மாணவனின் கேள்வியோடு தொடங்குகிறேன். எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர்கள் பண்டாரவன்னியன் கதையை நாடகமாக ஆட ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்சிலைமடுச் சண்டை. வாள் பிடித்த கையோடு நாயகன் சாய்கிறான். சாய்ந்தவன் உடனே சாகவில்லை. நமது மேடை மரபுப்படி இரண்டு பக்க வசனம் பேசிவிட்டே சாகிறான். அந்த வேடம் தாங்கியவன் வசனத்தை மனனம் செய்வதில் கெட்டிக்காரன். அன்றைக்கு எழும்பியிருந்து, பழைய நூலொன்றில் அச்சாகியிருந்த நினைவுக்கல்லின் படத்தைக் காட்டினான்.

"சேர், இதிலை தோற்கடிச்சது எண்டுதானே கிடக்கு. கொண்டது எண்டு இல்லையே?"

நான் முள்ளியவளையில் பிறந்தவன். ஒட்டுசுட்டானுக்கு அருகே அந்தக் கல் நாட்டப்பட்ட கதையைச் சிறுவயது முதல் கேட்டவன். எத்தனையோ மேடைகளில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். ஆனால் அந்த ஆங்கில வாசகத்தை ஒரு தமிழாசிரியனுக்குரிய கவனத்தோடு சொல் சொல்லாக வாசித்ததில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதன் செய்தி. அதிலும் "இவ்விடத்தில்" என்று இல்லை. "இவ்விடத்துக்கு அயலில்" என்ற பொருள்படும் சொல்லே இருக்கிறது. வென்றவனின் தரப்பார் எழுதி வைத்த கல் அது. அவர்களே இடத்தைப் பற்றி இவ்வளவு அடக்கமாகவும் சாவைப் பற்றி ஒன்றுமே சொல்லாமலும் இருக்கையில், நாங்கள் எந்தத் துணிவில் அவனை ஆண்டுதோறும் மேடையில் கொன்றுகொண்டிருக்கிறோம்?

அந்த மாணவனிடம் இந்தக் கேள்வி எழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவன் எங்கேயோ பெற்ற கசாக்கியத் திரைப்படமொன்றை எனக்கும் பார்க்கத் தந்திருந்தான். அக்கான் சத்தாயேவ் இயக்கி 2012இல் வெளியான "மின் பாலா". ஆயிரம் பிள்ளைகள் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுங்கார் படைகள் கசாக்கியரின் புல்வெளி நாட்டைச் சூறையாடுகின்றன. சிறுவயதில் குடும்பத்தைப் பறிகொடுத்த சர்த்தாய் என்ற இளைஞன் தன்னையொத்த இளைஞரைச் சேர்த்துப் போராடுகிறான். 1729, 1730 அளவில் நடந்த அன்ராக்காய் பெருஞ்சமரில் கதை உச்சம் பெறுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் புல். அந்தப் புல் முழுவதும் குதிரைகள். "எங்களுக்குக் குதிரைக்கு எங்கை சேர் போறது?" என்று பையன்கள் கவலைப்பட்டார்கள். வன்னியின் செல்வம் யானை, குதிரையன்று. ஒல்லாந்தருக்கு வன்னியர் திறையாகக் கொடுத்ததும் யானைகளே என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். மேடைக்கு யானையும் வராது என்பது வேறு விடயம்.

படம் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. 1723இல் கசாக்கியக் குடிகள் ஊர் ஊராகப் பெயர்ந்து ஓடியதை அந்த மக்கள் இன்றும் ஒரு தனிப் பெயரால் நினைவு வைத்திருக்கிறார்கள். வெறுங்காலோடு ஓடிய ஓட்டம் என்று அதற்கு விளக்கம் சொல்வர். அதை முள்ளியவளைக்காரனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டை உயிரோடு கடந்து வந்த எவருக்கும் வேண்டியதில்லை. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே போயிருந்தேன்.

ஆனால் படம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. வேறொரு கசாக்கியப் படமான "நோமட்" 2005இல் புகழ்ந்து காட்டிய அபிலாய் கானை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெரும் வீரர்; ஐயமில்லை. அதேவேளை ஒரு பக்கம் ருசியப் பேரரசுக்கும் மறுபக்கம் சீனத்தின் சிங் பேரரசுக்கும் பணிவு தெரிவித்து, இரண்டுக்கும் நடுவே தம் மக்களைக் காத்த இராசதந்திரி. சுங்காருடைய கதியோ மிகக் கொடியது. 1750களில் சிங் படைகள் அவர்களை ஓர் இனமாகவே ஏறத்தாழ அழித்துவிட்டன. திரையில் முகமற்ற அரக்கராக வந்து போகிறவர்களின் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுக்குள் நேர்ந்தது இது. வீரப்படத்துக்குள் இதற்கெல்லாம் இடமிருப்பதில்லை. நாடகத்துக்குள்ளும் அப்படித்தான்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். ஆவணங்கள் தருகிற பண்டாரவன்னியன் வரலாறு மிகச் சுருக்கமானது. வன்னிமைகள் யாழ்ப்பாண அரசு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று ஒவ்வொரு மேலாட்சிக்கும் திறை கொடுத்தும் கொடாமலும், பணிந்தும் முரண்டியும் நிலைத்தவை. 1782இல் ஒல்லாந்தர் படை நடத்தி அவற்றை அடக்கினர். 1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1803இல் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்துப் பேரிழப்போடு திரும்பினார்கள். யூன் மாதம் கண்டியில் விடப்பட்டிருந்த அவர்களுடைய காவற்படை அழிந்தது. அந்தச் செய்தி காட்டுவழியாக வன்னிக்கு வந்து சேர எத்தனை நாள் சென்றிருக்கும்? இரண்டு மாதத்தில், ஓகஸ்ட் 25இல், கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கே காவலிருந்தவன் பின்னாளில் கல்லில் பெயர் பெற்ற அதே டிறிபேர்க். கடல்வழியே தப்பி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். பீரங்கிகள் வன்னியன் கைக்கு வந்தன.

ஓகஸ்ட் 25இலிருந்து ஒக்டோபர் 31 வரை எண்ணிப் பார்த்தால் அறுபத்தேழு நாள். அந்த அறுபத்தேழு நாளுக்காகத்தான் இருநூறு ஆண்டுக்கு மேலாக அவனை நாங்கள் பாடுகிறோம், ஆடுகிறோம்.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். கற்சிலைமடுவில் வன்னியனின் படை சிதறியது. வன்னியர் ஆட்சி அதன்பின் தலையெடுக்கவில்லை. 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியே இச்செய்திகளைத் தொகுத்து அச்சில் தந்தவர்களில் முக்கியமானவர். எங்கள் வீரனைப் பற்றி நாங்கள் அறிந்ததில் பெரும்பகுதி அவனை வென்றவர்களின் ஏட்டிலிருந்து வந்தது என்பது கசப்பானது. ஆனாலும் அந்த ஏட்டுக்காரர்கள் எதிரியை எழுதாமல் விட்டிருந்தால் எங்களிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்றும் யோசிக்கிறேன்.

இந்தச் சுருக்கமான எலும்புக்கூட்டுக்குத் தசையும் இரத்தமும் கொடுத்தவர்கள் கலைஞர்கள். எங்கள் ஊரவரான முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவர்களின் பண்டாரவன்னியன் நாடகம் எத்தனையோ தலைமுறை மாணவர்களின் நாவில் தமிழை ஏற்றியது. தமிழகத்தில் கலைஞர் மு. கருணாநிதி "பாயும் புலி பண்டாரக வன்னியன்" என்று நாவலே எழுதினார். இவற்றுக்கெல்லாம் வெளியே, வட்டப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியில் பாட்டிமார் சொல்லிக்கொண்டு வரும் கதைகளும் இருந்தன. இவை எல்லாவற்றையும் வரலாற்றுத் தவறு என்று ஒதுக்க நான் ஆயத்தமில்லை. அப்படி ஒதுக்குகிறவர் சிலப்பதிகாரத்தை என்ன செய்வார்?

எனினும் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக மனச்சங்கடம் உண்டு. காக்கைவன்னியன். மேடையில் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுப்பவன் அவன்தான். நாயகனின் தங்கையை விரும்பிப் பெறாமற் போனவன். நான் சிறுவனாயிருந்தபோது அந்த வேடம் கட்டியவர் மறுநாள் சந்தைக்குப் போக, மரக்கறி விற்ற கிழவி ஒருத்தி அவருக்குக் கத்தரிக்காய் தர மறுத்துவிட்டாள். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். பின்னாளில் யாழ்ப்பாண வைபவமாலையை வாசித்தபோது சிரிப்புப் போய்விட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்நூலில், பறங்கியர் சங்கிலி மன்னனைப் பிடிக்கின்ற கதையிலே காட்டிக்கொடுப்பவன் காக்கைவன்னியன். யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். பண்டாரவன்னியன் தோற்றது 1803இல். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி. ஒரே பெயரில் இரண்டு துரோகிகள் இருந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம், இருந்திருக்கலாம். ஆனால் பழைய கதையின் துரோகி புதிய கதைக்குள் குடியேறினான் என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

ஏன் குடியேறினான்? மூன்று திசையிலிருந்து பயிற்சி பெற்ற படைகள் வந்தன. அவர்களிடம் வெடிமருந்து இருந்தது. கடல்வழி உதவி இருந்தது. எம்மவனுக்குத் துணை நின்ற கண்டியருக்கோ அவ்வாண்டில் தம் பாடே பெரும்பாடு. தோல்விக்கு இவ்வளவு காரணமே போதும். இருந்தும் எங்கள் மனம் ஒப்பவில்லை. எங்கள் வீரன் எதிரியிடம் தோற்பதைவிட உள்வீட்டானிடம் தோற்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. துரோகி என்ற சொல் இந்த மண்ணில் எவ்வளவு எளிதாக வாயில் வந்தது, அதற்கு எத்தனை வீட்டுத் தலைவாசல்கள் விலை கொடுத்தன என்பதை என் வயதுக்காரர் அறிவார்கள். அந்தச் சொல்லைப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மேடையில் பழக்குவதற்கு முன் ஓர் ஆசிரியன் இரண்டு தரம் யோசிக்கத்தான் வேண்டும். எங்கள் நாடகத்தில் இம்முறை காக்கைவன்னியன் இல்லை. அந்த வேடம் கிடைக்கும் என்று மீசை தயார் செய்து வைத்திருந்தவனுக்கு என்மேல் கோபம்.

சாவுக்கு வருகிறேன். கற்சிலைமடுச் சண்டைக்குப் பின்னரும் பண்டாரவன்னியன் உயிரோடு இருந்தான், காடுகளிலும் கண்டி எல்லையிலும் மறைந்து திரிந்தான், 1811இல்தான் இறந்தான் என்று ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர். உடையாவூர்ச் சண்டையில் காயப்பட்டுப் பனங்காமத்தில் உயிர் துறந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கல்லின் மௌனம் இவர்கள் பக்கம் சாய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. எதிரியைக் கொன்றிருந்தால் வென்றவன் அதைச் செதுக்காமல் விட்டிருப்பானா?

அப்படியானால் எட்டு ஆண்டு. படையில்லை, பீரங்கியில்லை, திறை கொண்டுவர ஊரில்லை. அறுபத்தேழு நாள் ஆண்டதற்கு நாடகம் இருக்கிறது; எட்டு ஆண்டு காட்டில் இருந்ததற்கு ஒரு காட்சிகூட இல்லை. அந்த எட்டு ஆண்டில் அவன் மழைக்கு எங்கே ஒதுங்கினான்? எவள் அவனுக்குக் குரக்கன் களி கிண்டிப் போட்டாள்? அவனுக்குச் சோறு போட்ட வீட்டை எவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் இந்தக் கணக்கில் வருமே.

இதையெல்லாம் மாணவர்களிடம் சொன்னபோது முதலில் கேள்வி கேட்டவனே முகம் சுருங்கினான். சாவு வசனம் பறிபோகிறதல்லவா. இரண்டு நாள் கழித்து, கடைசிக் காட்சியைத் தானே மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். அதில் பண்டாரவன்னியன் வாளைத் துடைத்து உறையிலிட்டு, ஒன்றும் பேசாமல் காட்டுக்குள் போகிறான். எழுத்துப் பிழைகள் நாலைந்து இருந்தன, திருத்திக் கொடுத்தேன். இப்போதுள்ள சிக்கல் திரை இழுக்கிற பையனுடையது. முன்னர் நாயகன் விழுந்ததும் இழுத்துவிடுவான். இப்போது எந்த இடத்தில் இழுப்பது என்று ஒவ்வோர் ஒத்திகையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறான்.