ஆளற்ற கப்பலும் ஆவியும்

ஆளரவமற்ற இடத்தில் ஆவியைக் குடியேற்றுவது மனித இயல்பு. அவ்வெறுமைக்குக் காரணம் தேடுவது வரலாற்றின் கடமை. 1803 பெப்ரவரியில் கலகெதரக் கணவாய் வழியே முன்னேறிய ஆங்கிலேயப் படை கண்டி நகரை அடைந்தபோது அங்கே மக்களைக் காணவில்லை. அவ்வெறுமை மாயமன்று, கண்டியரின் போர்த்தந்திரமே. அதனை வெற்றியெனக் கருதி அங்கு நிறுத்தப்பட்ட படை அவ்வாண்டு யூன் மாதத்திலேயே அழிந்தது.

நிலத்துக்குரிய இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும். 1872 டிசம்பரில் அத்திலாந்திக் கடலில் 'மேரி செலஸ்ட்' என்னும் கப்பல் ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. அதில் பயணித்த 10 பேரையும் காணவில்லை. உயிர்காப்புப் படகையும் காணவில்லை. 1884இல் கொனன் டொயில் அதனைத் தழுவிக் கதை புனைந்தார். அதன்பின் கற்பனைகள் உண்மையை மூடி வளர்ந்தன.

2020 பெப்ரவரியில் வெளியான 'பூத்' என்னும் இந்தித் திரைப்படமும் இவ்வழியில் வந்ததே. பானு பிரதாப் சிங் இயக்கிய அப்படத்தில், மும்பைக் கரையில் ஒதுங்கிய ஆளற்ற கப்பலை ஆராயச் செல்லும் அதிகாரியாக விக்கி கௌசல் நடித்தார். மனைவியையும் மகளையும் இழந்த அவ்வதிகாரி கப்பலுள் ஆவியை எதிர்கொள்கிறார்.

இக்கதைக்குத் தூண்டுகோலெனக் கூறப்படும் நிகழ்ச்சியின் தொடக்கம் இலங்கையிலாகும். உடைப்பதற்காகக் கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங்கிற்கு இழுத்துச் செல்லப்பட்ட 'விஸ்டம்' என்னும் சரக்குக் கப்பல், இழுவைக் கயிறு அறுந்து 2011 யூனில் ஜூஹு கரையில் தரைதட்டியது. அங்கே பேயில்லை, அறுந்த கயிறே இருந்தது.

எனினும் மெய்யான அச்சம் அடுத்த நிகழ்ச்சியிலேயே உண்டு. ஓமான் அருகே பழுதுற்ற 'பவித்' கப்பலின் 13 மாலுமிகளை அதே யூன் இறுதியில் பிரித்தானியப் போர்க்கப்பல் மீட்டது. மூழ்கியிருக்கும் எனக் கருதப்பட்ட அக்கப்பல் ஒரு மாதம் மிதந்து, யூலை 31இல் அதே ஜூஹு கரையை அடைந்தது. கடல்வழி வந்தோர் 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கி மூன்றாண்டுகள்கூட நிறையவில்லை. ஆயினும் கடற்படையும் கரையோரக் காவலும் அதன் வரவை அறியவில்லை.

ஆவி எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கப்பலைக் கைவிட்டோரும் கரையைக் காக்கத் தவறியோரும் கொடுத்தே ஆகவேண்டும். பேய்க்கதையைச் சுவைப்பதில் தவறில்லை. ஆனால், அச்சுவையில் மயங்கிப் பொறுப்பாளரை மறப்போமாயின், வெறுங்கப்பல் மீண்டும் கரையேறும்.