பிரிட்டனின் பண்டிகைகளும் 'பேங்க் ஹாலிடே' பிறந்த கதையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமாக ஆண்டுக்கு எட்டு நாட்கள் பொது விடுமுறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் இந்த நாட்களை அங்குள்ள மக்கள் 'பேங்க் ஹாலிடே', அதாவது வங்கி விடுமுறை என்றே அழைக்கிறார்கள். பண்டிகைக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பின்னால் ஏழை உழைப்பாளிகள் ஓய்வை இழந்து, மீண்டும் பெற்ற ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஏர் இழுத்த இளைஞர்கள்

கிறிஸ்துமஸ் கால விழாக்கள் ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுடன் முடியும். அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு 'பிளவ் மண்டே', அதாவது ஏர்த் திங்கட்கிழமை என்று பெயர். அன்று கிழக்கு இங்கிலாந்து கிராமங்களில் பண்ணையாட்கள் ஓர் ஏரை இழுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று காசு கேட்பார்கள். கொடுக்காத வீட்டின் வாசலை உழுதுவிடுவதும் உண்டு! பார்ப்பதற்கு விளையாட்டுதான். ஆனால் குளிர்காலத்தில் வயலில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பண்டிகை என்ற பெயரில் கேட்டால் அது பிச்சை ஆகாது. டிசம்பர் 21ஆம் தேதி, புனித தோமா திருநாளில், ஏழைப் பெண்கள் வீடுகளில் கோதுமையும் காசும் கேட்டுச் சென்றதும் இப்படித்தான்.

தெருவே மைதானம்

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை முட்டையையும் வெண்ணெயையும் தீர்ப்பதற்காக வீட்டில் பான்கேக் சுடுவார்கள். தொழில் பழகும் பையன்களுக்கு அன்று கொண்டாட்டம். பல ஊர்களில் ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து தெருக்களில் கால்பந்து ஆடியது. கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், சாலையில் பந்து ஆடுபவர்களுக்கு அபராதம் விதித்தது. டெர்பி நகரின் ஆட்டம் 1840களில் ஒடுக்கப்பட்டது. அதே டெர்பிஷயரில் உள்ள ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் இன்றும் ஆடுகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்குத் தடை

மே முதல் நாளில் பூக்களாலும் இலைகளாலும் அலங்கரித்த உயரமான கம்பத்தைச் சுற்றி ஆடுவது பழைய வழக்கம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாடாளுமன்றத்தில் செல்வாக்குப் பெற்ற 'பியூரிட்டன்கள்' என்ற கடும் சமயப்பற்றாளர்களுக்கு இவையெல்லாம் மூடப் பழக்கம். 1644இல் மே கம்பங்கள் தடை செய்யப்பட்டன. 1647இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய மூன்று பண்டிகைகளும் ஒழிக்கப்பட்டன. அதற்குப் பதிலாக வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகுவோருக்கும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓய்வு தரப்பட்டது. மக்கள் ஏற்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரியில் சந்தையைத் திறக்க மேயர் உத்தரவிட, பெரும் கலவரம் வெடித்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகைகளும் திரும்பின.

கதிர் பொறுக்கும் உரிமை

அறுவடை முடிந்ததும் வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை ஏழைப் பெண்களும் குழந்தைகளும் பொறுக்கிக்கொள்வது வழக்கம். சில குடும்பங்களுக்கு அது பல வாரங்களுக்கான ரொட்டி மாவு. 1788இல் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ஒரு வழக்கில், கதிர் பொறுக்குவது சட்டப்படி உரிமை அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பல கிராமங்களில் வழக்கம் நிற்கவில்லை. இன்று பழமையானது என்று நம்பப்படும் தேவாலய அறுவடை விழா இதற்கெல்லாம் பிந்தியது. கார்ன்வாலில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் 1843இல் நடத்திய வழிபாட்டிலிருந்துதான் அது பரவியது.

33 நாட்கள் 4 ஆன கதை

தொழிற்புரட்சி வந்ததும் இயந்திரம் நிற்கக்கூடாது என்ற எண்ணமும் வந்தது. இங்கிலாந்து வங்கியே இதற்கு நல்ல உதாரணம். புனிதர்களின் திருநாட்கள் என்று ஆண்டுக்குச் சுமார் 33 நாட்கள் மூடியிருந்த அந்த வங்கி, 1834இல் விடுமுறையை நான்கு நாட்களாகக் குறைத்தது. புனித வெள்ளி, மே 1, நவம்பர் 1, கிறிஸ்துமஸ் மட்டுமே மிஞ்சின. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலை செய்த சிறுவர்களுக்கு இரண்டு முழு நாட்களையும் எட்டு அரை நாட்களையும் மட்டுமே உறுதி செய்தது.

லபக் கொண்டுவந்த சட்டம்

சர் ஜான் லபக் ஒரு வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் அண்டை வீட்டுக்காரரான அறிவியலாளரும்கூட. வங்கிகள் நினைத்த நாளில் மூட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அன்று கெடு முடியும் உண்டியல்களுக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும். 1871இல் அவர் கொண்டுவந்த சட்டம் அந்தக் கெடுவை மறுநாளுக்குத் தள்ளியது. ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26 ஆகிய நான்கு நாட்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை ஆயின. வங்கி மூடினால் வியாபாரம் ஓடாது. எனவே கடைகளும் அலுவலகங்களும் மூடின. இப்படித்தான் வங்கியின் பெயர் பண்டிகைக்கு ஒட்டிக்கொண்டது. நன்றியுள்ள மக்கள் ஆகஸ்ட் விடுமுறையை 'புனித லபக் நாள்' என்று வேடிக்கையாக அழைத்தார்கள்.

ஓய்வு கிடைத்தது, கூலி?

லங்காஷயர் பஞ்சாலை நகரங்களில் ஊர்த் தேவாலயத் திருவிழாவை ஒட்டி ஆலைகளை ஒரு வாரம் மூடும் 'வேக்ஸ் வாரம்' இருந்தது. தொழிலாளர்கள் ஆண்டு முழுவதும் சேமிப்புக் குழுக்களில் பணம் போட்டு, பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் ஏறினார்கள். ஏனென்றால் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது.

1644இல் தடை செய்யப்பட்ட மே தினக் கொண்டாட்டத்துக்கு 1978இல் இங்கிலாந்தில் தனி விடுமுறை கிடைத்தது. மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது. பண்டிகைகளுக்குக் காரணங்கள் மாறின, தேதிகள் மாறின. ஆனால் உழைப்பவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவே இல்லை.