வடசென்னை வரலாறு: ஆற்றின் வாசலில் ஆலைகள்

1708-ல் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, நவாப் தாவூத் கானிடமிருந்து ஐந்து ஊர்களைப் பெற்றது. திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். இவற்றில் கத்திவாக்கம்தான் இன்றைய எண்ணூர்ப் பக்கம். கம்பெனி புதிதாகக் கண்டுபிடித்த ஊர்கள் அல்ல இவை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன.

எண்ணூரில் பழைய குடியிருப்பு எங்கே என்று பாருங்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில் மீனவர் குப்பங்கள். தாழ்ந்த பக்கம் உப்பளமும் அலையாத்தியும். கொசஸ்தலையாறு வெள்ளத்தோடு வந்தால் அந்தத் தாழ்வில் விரிந்து, முகத்துவாரம் வழியே கடலில் கலக்கும். 1806 வாக்கில் பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாயும் இந்தக் கழியைத்தான் வந்து தொட்டது. அதுதான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆனது.

1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபின் ஆற்றின் சாவி ஷட்டருக்குப் போனது. நகரம் குடிக்க அந்தத் தண்ணீர் வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடைமழையில் உபரி திறக்கும்போது நீர் எங்கே போகும்? 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் நிலக்கரிக்காகவே ஒரு துறைமுகம். நிலையங்களின் சாம்பல் கழியில் படிந்து ஆழத்தைத் தின்றது. ஆறு விரிய வைத்திருந்த இடத்தையெல்லாம் நாம் தொழிலுக்குக் கொடுத்துவிட்டோம்.

பிறகு 2015, 2021, 2023 என்று மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் வீட்டுக்குள் தண்ணீர். மழை அதிகம் என்பது பாதிக் காரணம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம், மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிக்கு இறங்கியது. படகு, வலை, மீனவர்களின் கை கால் எல்லாம் கறுப்பு. வெறும் வாளியாலும் முறத்தாலும் அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெயில் அவர்களுக்கு ஒரு சொட்டுப் பங்கும் கிடையாது.

கழியை அளந்து எல்லைக்கல் நட்டு, படிந்த சாம்பலை அள்ளுவதுதான் அரசு முதலில் செய்யவேண்டிய வேலை. நிவாரணத் தொகை அதற்கு ஈடாகாது.

அடுத்த வாரம்: 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில்.