ஒரு வெள்ளியில் எழுந்த துறை



ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர் சந்திப்பு ஒன்றில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், பல்கலைக்கழகமெல்லாம் பட்டணத்துப் பிள்ளைங்களுக்குத்தானே? நம்ம பிள்ளைங்களுக்கு அதெல்லாம் எட்டுமா?"

அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. மழை வருமா வராதா என்று கேட்பவர்போல் இயல்பாகக் கேட்டார். அந்த இயல்புதான் என்னை வருத்தியது. அவருக்கு அன்று இரண்டு வரிகளில் மறுமொழி கூறினேன். உரிய மறுமொழி ஒரு வரலாறு. அதையே இங்கு எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் பிறந்த கதை

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அது உருவானது. ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கே அதன் கதவு திறந்திருந்தது.

அக்காலத்துத் தோட்டப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளிகள் வந்தன. ஆயினும் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு மேல் படிக்கத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு வழி இல்லை. படிப்பு முடிந்ததும் தாய் தந்தையோடு பால்மரக் காட்டுக்குச் செல்வதே வழக்கமாக இருந்தது. அவனுக்கும் சிங்கப்பூரில் இருந்த பல்கலைக்கழகத்திற்கும் இடையே கடலைவிடப் பெரிய இடைவெளி இருந்தது.

"தமிழ் எங்கள் உயிர்"

அப்பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை ஒன்றை அமைக்கும் பேச்சு 1950களின் முற்பகுதியில் எழுந்தது. அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்பதே அன்றைய பெரிய வினா. சமஸ்கிருதத்தை முதன்மையாகக் கொள்ளலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழர்; அவர்களின் மொழியை விட்டுவிட்டு இந்தியவியலா என்று தமிழர்கள் கேட்டனர்.

அக்குரலுக்குத் தலைமை தாங்கியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள். திருவாரூரில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்தவர். 1935ஆம் ஆண்டு 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர். 1952ஆம் ஆண்டு தமிழர் திருநாளைக் கொண்டாடும் வழக்கத்தை ஏற்படுத்தியவர். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. "தமிழ் எங்கள் உயிர்" என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

செல்வந்தர் சிலரிடம் பெருந்தொகை பெற்றிருக்கலாம். அவரோ எளியோரிடம் ஒவ்வொரு வெள்ளியாகக் கேட்டார். அன்று பால்மரம் வெட்டியவரின் நாட்கூலி சில வெள்ளிகளே. அதில் ஒரு வெள்ளி என்பது வீட்டின் அரிசிச் செலவில் கை வைப்பதாகும். கொடுத்தவர்களுள் பலர் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் கண்டதில்லை. தம் பிள்ளை அங்குச் செல்வான் என்ற எதிர்பார்ப்பும் அவர்களுக்கு இருந்திருக்க வழியில்லை. இருந்தும் கொடுத்தார்கள்.

1956ஆம் ஆண்டு இந்தியவியல் துறை தொடங்கியது. தமிழே அதன் முதன்மை மொழியானது. பின்னர் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தின் கிளை வளர்ந்தபோது துறையும் அங்கு மாறியது. 1962ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகம் தனி நிறுவனமாகி, துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தரானார்.

தனிநாயகம் அடிகளார் காலம்

1961ஆம் ஆண்டு இத்துறைக்குத் தலைவராக வந்தவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913ஆம் ஆண்டு ஈழத்தில் பிறந்தவர். 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழை 1952ஆம் ஆண்டு முதல் நடத்தியவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964ஆம் ஆண்டு தில்லியில் உருவாவதற்கு முன்னின்றவரும் அவரே.

அம்மன்றத்தின் முதல் மாநாடு தமிழ்நாட்டில் நடைபெறவில்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் நடைபெற்றது. சென்னை மாநாடு 1968ஆம் ஆண்டில்தான் வந்தது. பல நாட்டு அறிஞர்களை வரவழைத்துத் தமிழ் ஆய்வை உலக மேடையில் ஏற்றியது, தொழிலாளர்களின் வெள்ளி தாங்கிநின்ற ஒரு துறை. இதை நம் மாணவர்களுக்கு நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

வளாகத்தில் தமிழ் மாணவர்

1965ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு முடித்த அனைவரும் தேர்வுத் தடையின்றி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நிலை வந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று மேலே சென்றனர். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் மெல்ல மெல்லப் பல்கலைக்கழக வாயிலை அடைந்தனர்.

வளாகம் அவர்களுக்குப் பட்டத்தை மட்டும் தரவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை அவர்களுக்கு மேடை தந்தது. பேரவை நடத்திய சிறுகதைப் போட்டிகளும் 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளும் நாட்டின் எழுத்தாளர் பலருக்கு முதற்படியாக அமைந்தன. கூட்டம் நடத்துதல், கணக்கு வைத்தல், அறிக்கை எழுதுதல், மாற்றுக் கருத்துடையவரோடு அமர்ந்து பேசுதல் ஆகியவற்றை விரிவுரை மண்டபம் கற்றுத் தராது. கழகம்தான் கற்றுத் தரும்.

மாணவர் வாழ்க்கைக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம், 1974ஆம் ஆண்டு இறுதியில் நிகழ்ந்த மாணவர் ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் நிறைவேறிய திருத்தங்களே மாணவர்களின் அரசியல் உரிமைகளைப் படிப்படியாகத் தளர்த்தின. புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்து இட ஒதுக்கீட்டால் இடம் கிடைப்பதும் கடினமாயிற்று.

அந்தக் கடினமான காலத்தில்தான் ஒரு நல்ல செயல் நடந்தது. 1982ஆம் ஆண்டு, மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே அதில் தொண்டாசிரியர்களாகப் பாடம் நடத்தினர். நேற்றுத் தோட்டத்திலிருந்து வந்தவன் இன்று தோட்டத்துத் தம்பி தங்கைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தான். கொடுத்த ஒரு வெள்ளி இவ்வாறு திரும்பி வந்தது என்றே நான் கருதுகிறேன்.

நம் வட்டாரத்தின் நிலை

இனி நம் பக்கம் வருவோம். கோலா சுங்கை பாருவிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகங்கள் தொலைவில் இல்லை. அலோர் காஜாவின் லெண்டுவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. அது பூமிபுத்ரா மாணவர்களுக்காக அமைந்தது. டுரியான் துங்காலில் 2000ஆம் ஆண்டு தோன்றிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா நம் பிள்ளைகளுக்கும் உரியது. புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகம் உள்ளது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியருக்கான பட்டப்படிப்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையோடு, மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் பயிலலாம்.

நான் பல்கலைக்கழக மாணவியாக இருந்ததில்லை. ஆசிரியர் பயிற்சி வழியாகவே இப்பணிக்கு வந்தேன். ஆதலால் அந்த வாழ்க்கையின் அருமை எனக்கு வெளியிலிருந்தே தெரியும். வெளியில் நின்று பார்ப்பவருக்குக் கதவு எங்கே இருக்கிறது என்பது சற்று நன்றாகவே தெரியும் போலும்.

அக்கதவு ஆறாம் ஆண்டில் மூடுவதில்லை. படிவம் நான்கில் மூடுகிறது. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் அவ்வேளையில் "தமிழ் எதற்கு, சுமைதானே" என்று வீட்டிலேயே சிலர் கூறிவிடுகிறோம். எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களே எடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபடும் என்று நம் சமுதாயம் குரல் எழுப்பியது. 2009ஆம் ஆண்டு இறுதியில் 12 பாடங்கள் வரை எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. போராடிப் பெற்ற அந்த இரண்டு இடங்களை நாமே காலியாக விட்டால் யாரைக் குறை கூறுவது? கற்பவர் குறைந்தால் துறையும் சுருங்கும். தமிழ் பயிலாத பிள்ளை பொறியியலோ மருத்துவமோ படித்துச் சிறக்கலாம். ஆனால் தமிழ்த் துறையின் இருக்கையை நிரப்ப வேறு இனத்தவர் வரப்போவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, இவற்றை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள்.

1. புகுமுக வகுப்பை வீணான ஓராண்டு என்று பிள்ளையின் முன்னிலையில் கூறாதீர்கள். மலாய்மொழியில் காலூன்ற அது உதவும்.

2. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுக்கச் செய்யுங்கள். பள்ளியில் வகுப்பு இல்லையெனில் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து பள்ளி நிருவாகத்திடம் கேளுங்கள்.

3. எஸ்.பி.எம். முடிந்ததும் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் இரண்டிற்கும் கண் வையுங்கள். எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழும் ஒரு பாடம் என்பதை மறவாதீர்கள்.

4. பணம் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். 1997ஆம் ஆண்டு முதல் பி.டி.பி.டி.என். கடனுதவி உள்ளது. அது கடன்தான், திருப்பிச் செலுத்த வேண்டும். இருந்தும் பலருக்கு அதுவே படிக்கட்டாயிற்று.

ஆசிரியர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரையாவது ஆண்டுக்கொரு முறை நம் வகுப்பறைக்கு அழைப்போம். அவர் பெரிய உரை ஆற்ற வேண்டாம். விடுதி அறை எப்படி இருக்கும், காலையில் என்ன சாப்பிடுவார், நூலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று பிள்ளைகளிடம் பேசினால் போதும். கண்டறியாத ஒன்றை எந்தப் பிள்ளையும் கனவு காண இயலாது.

அந்தத் தந்தைக்கு நான் கூற விரும்புவது இதுவே. ஐயா, அந்த ஒரு வெள்ளியை ஈந்தவர்களுள் உங்கள் பாட்டனாரும் இருந்திருக்கலாம். அங்கே நம் பிள்ளைக்கு ஓர் இருக்கை எழுபது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைக்கு உள்ள உரிமை அதில் உங்கள் மகளுக்கும் உண்டு.

சிந்திப்போம், செயல்படுவோம்.