சாட்சிக் கையெழுத்து: மறையாக்க மின்னஞ்சலில் நம்பிக்கையின் கதை

ஸ்ரீவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் மண்கோட்டைக்குள் வாழ்ந்த காலத்தில், நம்பிக்கைக்கு எல்லை மதில்சுவர்தான். வெளி ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. மதிலுக்கு வெளியே வழக்கம் வேறு. புது ஆள் வந்தால், "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பார்கள். தெரிந்தவர் ஒருவர் பெயரைச் சொன்னால் போதும்.

மறையாக்க மின்னஞ்சல் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழியைத்தான். 1991-ல் அமெரிக்கரான பில் சிம்மர்மன் பிஜிபி மென்பொருளை வெளியிட்டார். கடிதத்தைப் பூட்டப் பெறுபவரின் பொதுச்சாவி வேண்டும். அது அவருடையதுதான் என்று யார் சொல்வது? நேரில் சரிபார்த்த நண்பர்களே அதில் மின்கையெழுத்து இடட்டும் என்றது 1992-ல் வந்த இரண்டாம் பதிப்பு. இதுவே 'நம்பிக்கை வலை'. இந்தியாவின் 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமோ, அரசு உரிமம் பெற்ற சான்றளிப்போரிடம் அந்த வேலையை ஒப்படைத்தது.

வலை வளர்ந்தது. ஆனால் நட்பு முறியும், சாவி தொலையும். பழைய கையெழுத்து மட்டும் அப்படியே நிற்கும். அரசுகள் எதையும் நீக்கச் சொல்லி மிரட்டக்கூடாது என்பதற்காக, சாவி வழங்கிகள் எதையுமே அழிக்காதபடி அமைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பாதுகாப்பே பலவீனமானது. 2019 ஜூனில் விஷமிகள் சிலரது சாவிகளில் ஆயிரக்கணக்கான போலிக் கையெழுத்துகளைக் கொட்டினர். அவற்றை இறக்கியவர்களின் மென்பொருள் திணறியது. அடுத்த மாதமே குனு பிஜி, வழங்கிகளிலிருந்து வரும் பிறர் கையெழுத்துகளை இயல்பாகப் புறக்கணிக்கத் தொடங்கியது.

யாரும் சாட்சி சொல்லலாம் என்று திறந்த கதவு பொய்ச்சாட்சிக்கும் திறந்தே இருந்தது. கடைசியில் மிஞ்சியது பழைய வழிதான்: சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு, சாவியின் கைரேகை எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது.