மூப்பு எது, நோய் எது?

முதியோர் மருத்துவப் பயிற்சியும் மூப்பு பற்றிய ஆராய்ச்சியும் ஒரே மாதிரியான இடத்தில் பிறந்தவை. போக்கிடம் இல்லாத ஏழைகளைக் கொண்டுபோய் வைத்திருந்த பழைய விடுதிகள்தான் அந்த இடம். லண்டனின் மேற்கே ஐசல்வர்த்தில் இருந்த விடுதியில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர் வேலையைத் தொடங்கினார். அமெரிக்காவின் பால்டிமோரில் அதே வகை விடுதியிலிருந்து வளர்ந்த நகர மருத்துவமனைக்கு நேதன் ஷாக் என்ற உடலியங்கியல் அறிஞர் வந்து சேர்ந்தார். இருவர் முன்னாலும் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வகை மனிதர்கள். அவர்களைப் பார்த்து இருவரும் கேட்ட கேள்விகள்தான் வேறு. ஒரு மருத்துவக் கல்லூரியில் முதுமை தொடர்பான துறையை எங்கிருந்து கட்டத் தொடங்குவது என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

வாரன் அறுவை சிகிச்சையில் நாட்டம் கொண்டவர். 1935இல் பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிப் பிரிவு, அவர் பணியாற்றிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு சேர்க்கப்பட்டபோது, அங்கிருந்த 714 படுக்கைகளும் அவர் பொறுப்புக்கு வந்தன. பக்கவாதம் வந்தவர், நினைவு தப்பியவர், இடுப்பு உடைந்தவர் எல்லோரும் கலந்து கிடந்தார்கள். ‘நாட்பட்ட நோயாளி’ என்ற ஒரே பெயரில் எல்லோரையும் அடக்கியாகிவிட்டது. அதற்கு மேல் யாரும் எதுவும் தேடவில்லை.

வாரன் ஒவ்வொருவரையும் புதிதாக வந்த நோயாளியைப் போலப் பரிசோதித்தார். வந்த நோய் பாதி, படுக்கையே கொடுத்த நோய் பாதி என்று கண்டார். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், முதுகில் புண் வரும், தசை கரையும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் முதுமையாகத்தான் தெரியும். அவர்களை எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கப் பழக்கினார். வார்டுக்கு வெளிச்சமான வண்ணம் பூசச் செய்தார். செவிலியர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், வீட்டு நிலைமையை விசாரிக்கும் சமூகப் பணியாளர் ஆகியோரை மருத்துவரோடு ஒரே குழுவாக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். 714 படுக்கைகள் இருந்த இடத்தில் 240 போதும் என்றாயிற்று.

முதியோருக்குப் பொது மருத்துவமனையிலேயே தனிப் பிரிவு வேண்டும், மருத்துவ மாணவர்கள் அங்கே கற்க வேண்டும் என்று 1940களில் அவர் எழுதினார். உலகின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர் பதவி கிளாஸ்கோவில் 1965இல்தான் வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு சாலை விபத்தில் வாரன் இறந்துபோயிருந்தார்.

ஷாக் பால்டிமோருக்கு வந்தது 1941இல். மூப்பினால் இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் எவ்வளவு தளர்கின்றன என்று அளப்பது அவர் வேலை. கைக்கெட்டியவர்கள் அந்த மருத்துவமனையில் தங்கியிருந்த ஏழை முதியவர்கள். அவர்களை வைத்துத்தான் அளந்தார். இதில் ஒரு கோளாறு இருந்தது. அளவில் தெரிந்த தளர்ச்சியில் வயதின் பங்கு எவ்வளவு, வறுமையும் நோயும் செய்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பீட்டர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவரின் யோசனையை ஏற்று, வீட்டில் வாழும் ஆரோக்கியமான தன்னார்வலர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்து அளக்கும் ஆய்வு 1958இல் தொடங்கியது. அந்த பால்டிமோர் நீண்டகால ஆய்வு இன்றும் நடக்கிறது.

நாற்பது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் ஒரே நாளில் ஒப்பிடுவது வேறு, ஒரே ஆளை நாற்பதிலிருந்து எண்பது வரை தொடர்வது வேறு. இந்த இரண்டாவது முறையின் பலன் சிறுநீரகத்தில் பளிச்சென்று தெரிந்தது. 1985இல் வெளிவந்த முடிவில், நோயில்லாத 254 பேரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு சராசரியாக ஆண்டுக்கு 0.75 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. ஆனால் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையவே இல்லை. வயதானால் சிறுநீரகம் தளரும் என்பது பாடப்புத்தகத்து வாக்கியம். ஒவ்வொருவராகப் பார்த்தால் அது எல்லோருக்கும் பொருந்தவில்லை.

இந்த ஆய்வின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் இருபது ஆண்டுகள் பெண்களே இதில் கிடையாது, 1978இல்தான் சேர்த்தார்கள். ஆண்களும் பெரும்பாலும் படித்த, வசதியான வெள்ளையர். வாரனின் வார்டில் கிடந்த எவரும் அங்கே தன்னார்வலராக நுழைந்திருக்க முடியாது. மூப்பைத் தெளிவாகக் காண வேண்டி ஷாக் நோயாளியை விலக்கினார். வாரனுக்கோ நோயாளிதான் எல்லாம். ஆனாலும் இருவரும் முறித்தது ஒரே பழக்கத்தைத்தான். “வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்” என்று டாக்டர் சொல்லும் ஒரு வரியில் நம் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம் முடிந்துபோகிறதே, அந்தப் பழக்கத்தை. நோயை மூப்பென்று எண்ணிக் கைவிடாதே என்றது வார்டு. மூப்பும் எல்லோருக்கும் ஒன்றல்ல என்றது ஆய்வகம்.

பால்டிமோர் நகர மருத்துவமனையை 1984இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனம் ஏற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய மருத்துவர் லிண்டா ஃப்ரீட் 2001இல் முதுமையின் நலிவுநிலைக்கு (frailty) ஐந்து அடையாளங்கள் வகுத்தார்: தானாக எடை குறைதல், களைப்பு, கைப்பிடி பலவீனம், மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவுநிலை. ஏறத்தாழ 34,000 முதியவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, நடைவேகத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆய்வகம் நீண்ட வழியில் வந்து சேர்ந்ததும் நடையிடம்தான். இன்று ஒரு பயிற்சி மருத்துவர் முதியவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, கைக்கடிகாரத்தில் விநாடிகளை எண்ணுகிறார். அந்தச் சில விநாடிகளில் இருவருமே இருக்கிறார்கள்.

எதை முதலில் கட்டுவது என்று கேட்டால் வார்டைத்தான் சொல்வேன். முதியவரைப் பல கோணங்களில் மதிப்பிட்டுக் குழுவாகக் கவனிக்கும் வாரனின் வழியைப் பற்றிய 29 பரிசோதனைகளை 2017இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வு ஒன்று தொகுத்தது. அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் உயிரோடு, தம் சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. பழகிய ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். சென்னைக்கு வந்ததும் இந்த வழிதான். பிரிட்டனில் பயின்று திரும்பிய டாக்டர் வ.செ. நடராசன் 1978இல் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. படிப்பு வந்தது.

வார்டு முதலில் என்பதால் ஆய்வகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகாது. 45 கிலோ எடையுள்ள எண்பது வயது மூதாட்டி காய்ச்சலோடு வருகிறார். தசையில் உருவாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.0, ரிப்போர்ட்டில் ‘நார்மல்’. 65 கிலோ எடையுள்ள முப்பது வயது ஆணுக்கும் அதே 1.0 தான். ஆனால் வழக்கமான காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டால் இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 99 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது, மூதாட்டியுடையது 32தான். தசை கரைந்த உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் எண் நல்லதுபோல் காட்டுகிறது. இளைஞருக்கான அளவில் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் போட்டால் மூதாட்டியின் காதும் சிறுநீரகமும் பாழாகக்கூடும். இந்தக் கணக்கும் ஒரு சராசரிதான். தளராத அந்த மூன்றில் ஒரு பங்கில் இந்த மூதாட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் முதல் ஊசிக்கு முன் கணக்குப் போட வேண்டும், போட்ட பிறகு மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும், காய்ச்சல் இறங்கிய மறுநாளே அவரைக் கட்டிலை விட்டு எழுப்ப வேண்டும்.